கல்யாணத்துக்கு எந்த டீஜே?

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு நாள் குறித்த கையோடு முதலில் முற்பணம் வாங்குகிறவர் டீஜேதான். ஐயர், சமையற்காரர், மணவறைச் சோடனைக்காரர், வீடியோக்காரர் எல்லோரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள். தையிலும் ஆவணியிலும் விடுமுறை நாளோடு பொருந்தி வரும் முகூர்த்தங்கள் சிலவே. பெயர் பெற்ற டீஜே ஒருவர் கிடைக்கவில்லை என்பதற்காகக் கல்யாண நாளையே தள்ளிப் போடலாமா என்று மாப்பிள்ளையின் தோழர்கள் யோசித்த கதையும் எனக்குத் தெரியும். (நல்ல வேளையாக மாப்பிள்ளையின் தாயார் அதற்கு இடங்கொடுக்கவில்லை.)

வெளிநாடுகளில் இருந்துகொண்டு ஊரிலுள்ள தங்கைக்கும் அக்காள் மகளுக்கும் கல்யாணச் செலவு அனுப்பும் வாசகர்கள் சிலர், "எந்த டீஜேயைப் பிடிக்கலாம், நீங்கள் யாரையாவது சொல்லுங்கள்" என்று எனக்கு எழுதுவதுண்டு. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் மிச்சமிருப்பது மகிழ்ச்சிக்குரியது. நான் ஆள் பெயர் எதுவும் சொல்வதில்லை. ஆனால், எவரை நல்ல டீஜே என்று கொள்ளலாம் என்பது பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. எப்போது பாட்டை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரைத்தான் நான் தெரிவு செய்வேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டீஜே என்றதும் முகஞ்சுளிக்கும் என் வயதுக்காரர்களின் கூட்டத்தில் நான் இல்லை. எங்கள் காலத்துக் கல்யாணங்கள் அமைதியாக நடந்தன என்பது பெரும் பொய். உயரமான மரமொன்றில் புனல் வடிவ ஒலிபெருக்கியைக் கட்டி, விடிய நான்கு மணிக்கே பக்திப் பாடலைத் தொடங்கிவிடுவார்கள். அடுத்த மலையிலிருக்கும் தோட்டத்துக்கும் கேட்கும். 'பானை பிடித்தவள் பாக்கியசாலி' (1958) படத்தில் புருஷன் வீட்டுக்கு வாழப் போகும் தங்கைக்குப் புத்தி சொல்லும் அந்தப் பாட்டும், 'பாசமலர்' (1961) படத்தில் எல். ஆர். ஈஸ்வரி பாடிய தோழிப்பெண் பாட்டும் ஒலிக்காத கல்யாணம் கல்யாணமாகவே கருதப்படவில்லை. இசைத்தட்டுப் பெட்டியோடு வருகிறவருக்கு ஓர் ஒழுங்கு தெரிந்திருந்தது. சாமி பாட்டு முதலில். பெண் மணவறைக்கு வரும்போது இன்ன பாட்டு. தாலி கட்டும்போது பாட்டே இல்லை, கெட்டிமேளம் மட்டும். பந்தி நடக்கும்போது சத்தம் குறைந்த பழைய பாட்டு. மாலையில் இளவட்டங்களுக்கு 1970-களின் ஈழத்துப் பொப் பாட்டு, பைலா. டீஜே என்ற பெயர் அவருக்கு இருக்கவில்லையே தவிர, வேலை அதுதான்.

அதைவிடப் பெரிய டீஜேக்களும் எங்களுக்கு இருந்தார்கள். பதுளைக்கு இரயில் வந்தது 1924-இல். கொழும்பில் வானொலி தொடங்கப்பட்டது 1925 டிசெம்பர் 16-ஆம் திகதி. இரயில் ஏறி எங்கும் போக வசதியில்லாதவர்களின் லயன் காம்பராவுக்குள் உலகத்தைக் கொண்டுவந்தது பின்னாளில் அந்த வானொலியின் தமிழ் வர்த்தக சேவைதான். எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் ஆகியோரின் குரலைத் தமிழ்நாட்டு வாசகர்களும் மறந்திருக்க மாட்டார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, நடுவே எவ்வளவு பேச்சு, எங்கே மௌனம் என்று அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். நேயர் விருப்பத்தில் தன் பெயரும் தோட்டத்தின் பெயரும் வாசிக்கப்படக் கேட்பதற்காகத் தபாலட்டைக்குக் காசு சேர்த்தவர்களை நான் அறிவேன்.

டீஜே என்ற தொழிலின் மறுபக்கத்து வரலாறும் இதையே சொல்கிறது. கரும்புத் தோட்டங்களின் நாடான ஜமெய்க்காவில், கிங்ஸ்டன் நகரின் தெருக்களில், 1950-களில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி நடனக் கூட்டங்கள் நடத்தினார்கள். அங்கே இசைத்தட்டுப் போடுகிறவருக்கு 'செலெக்டர்' என்று பெயர். தெரிவு செய்கிறவர் என்று பொருள். ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசுகிறவரே 'டீஜே'. அந்நகரில் பிறந்து நியூயோர்க்கில் குடியேறிய கிளைவ் கெம்பல் என்ற இளைஞர், கூல் ஹேர்க் என்ற பெயரில், 1973 ஓகஸ்ட் 11-ஆம் திகதி பிரொங்ஸ் பகுதியில் தன் சகோதரியின் விருந்தொன்றுக்கு இசைத்தட்டுப் போட்டார். ஹிப் ஹொப் இசையின் பிறந்தநாளாக அந்த நாளைத்தான் இன்று கொண்டாடுகிறார்கள். பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்தச் சில விநாடிகளை நிமிடக் கணக்கில் நீட்டினார். ஆடுகிறவனின் காலைப் பார்த்தே அவர் அந்தக் கலையைக் கற்றார்.

எங்கள் பக்கத்துத் தெரிவு இப்போது வேறுவிதமாக நடக்கிறது. கையடக்கத் தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டுகிறார்கள். அதில் எட்டுப் பெட்டியா, பன்னிரண்டு பெட்டியா என்று எண்ணுகிறார்கள். புகை வருகிறதா, விளக்குச் சுழல்கிறதா என்று பார்க்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்தில் எட்டென்றால் எங்களுக்குப் பத்து. பெண்ணின் தாயிடமோ, அப்பாயியிடமோ, அம்மாயியிடமோ எவரும் எதுவும் கேட்பதில்லை. கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு நலங்கு வைத்து, மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பெண்கள் கட்டிப் பாடிய பாட்டுகள் அந்தப் பெட்டிகளின் முன்னால் ஒடுங்கிப் போய்விட்டன. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்திராவிட்டால், அப்படியொன்று இருந்தது என்பதற்கே சாட்சி குறைந்திருக்கும்.

பெட்டியை எண்ணுகிறவர்களுக்குச் சற்றுக் கணக்கும் தெரிந்திருந்தால் நல்லது. வலுவை இரட்டிப்பாக்கினால் ஒலி கூடுவது மூன்று டெசிபல் மாத்திரமே. காதுக்கு அது சிறிய வேறுபாடு. இரு மடங்கு சத்தம் என்று காது உணர வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். ஆகவே எட்டுப் பெட்டிக்கும் பத்துப் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கும் காசுக்கும்தான். எங்கள் வீடுகளுக்குக் கிடைக்கும் வழமையான மின்னிணைப்பு 30 அம்பியர். 230 வோல்ட்டில் ஏழு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. அதிலேயே பந்தல் விளக்கும் மின்னடுப்பும் ஓடும்போது டீஜேயின் செட்டையும் மாட்டினால், தாலி கட்டும் நேரத்தில் இருட்டில் நிற்க நேரிடும். மின்பிறப்பாக்கி யாருடையது, டீசல் யார் கணக்கு என்பதை முதலிலேயே பேசாத டீஜே எத்தனை பெட்டி வைத்திருந்தும் பயனில்லை.

மலைக்கும் ஒரு கணக்கு உண்டு. நமுனுகுல மலையடிவாரத்திலோ மடுல்சீமைப் பள்ளத்தாக்கிலோ ஒலிபெருக்கியை எதிர்மலைக்கு முகங்கொடுத்து வைத்தால், சில நூறு மீற்றர் தூரத்திலிருந்து அந்த ஒலி ஒன்றிரண்டு விநாடிகளில் திரும்பி வந்து தாளத்தைக் குழப்பும். இடத்தை முதல்நாளே வந்து பார்த்து, பெட்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிக்கிற டீஜே கிடைத்தால் விடாதீர்கள். கைதட்டிப் பார்த்து எதிரொலியைக் கணிக்கிற ஒரு பையனை ஹாலிஎலப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்தவனில்லை.

லயன் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும் குடியிருப்பு அது. பல பழைய லயன்களில் அறைகளைப் பிரிக்கும் சுவர் கூரை வரை எழும்புவதில்லை. ஓர் அறையில் இருமினால் மூன்றாம் அறையில் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில், வாசலிலிருந்து பத்தடி தூரத்தில், நெஞ்சை அதிர வைக்கும் பேஸ் பெட்டிகளை இரவு இரண்டு மணி வரை அலற விட்டால், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்தவனுக்கும், பச்சைக் குழந்தைக்கும் போக்கிடம் ஏது? கல்யாண வீட்டாரைக் குறை சொல்ல அயலவர்களுக்கு மனம் வராது; அடுத்த மாதம் அவர்கள் வீட்டிலும் ஒரு விசேஷம் இருக்கும். வாய் திறக்காதவர்களுக்காகவும் யோசிக்க வேண்டிய பொறுப்பு பணம் கொடுக்கிறவருக்கு உண்டு.

சட்டம் இல்லாமலில்லை. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் வழங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்பளித்தது. வெலிகமையில் எழுந்த ஒரு வழக்கு அது. தீர்ப்பு நாடு முழுவதற்கும். பொலிஸ் அனுமதியைத் தாமே எடுத்துத் தருகிற டீஜேக்களும் உண்டு, "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறவர்களும் உண்டு. பின்னவர்களின் முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் இசைக்கூடங்களுக்கு வகுத்த உச்ச அளவு, பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபல். அதை அளக்கும் செயலியை எந்தத் தொலைபேசியிலும் இறக்கிக்கொள்ளலாம். மிகத் துல்லியமாக இராது. பக்கத்திலிருப்பவர் சொல்வது கேட்கிறதா என்று பார்ப்பதற்கு அதுவும் தேவையில்லை.

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். பதுளைத் தோட்டங்களுக்கே உரிய விடயம் தப்பு. அதன் பொருட்டே இதை எழுதத் தொடங்கினேன்.

விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு, அதாவது ஆளெடுக்கும் களத்துக்கு, எழுப்பியது தப்புத்தான். பெரட்டுக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி, கல்யாண ஊர்வலத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. அடியைக் கேட்டே என்ன செய்தியென்று மலை முழுவதும் அறிந்துகொண்டது. தோட்டத்தின் முதல் ஒலிபரப்புச் சேவை என்று அதைச் சொன்னால் தவறில்லை. அதை அடித்தவர்களுக்கு நாம் கொடுத்தது என்ன? அவர்களைச் சாதியின் பெயரால் ஒதுக்கினோம். பந்தலுக்கு வெளியே நிறுத்தினோம், கடைசிப் பந்தியில் சோறு போட்டோம், கூலியைப் பாதி சாராயமாகக் கொடுத்தோம். வயதில் மூத்தவரையும் 'டேய்' என்று அழைத்தோம். அவர்களின் பிள்ளைகள் தப்பைத் தொட மறுத்தால் அது முழுக்க முழுக்க நியாயம். அவர்களில் சிலர் டீஜேயானதும் எனக்கு வியப்பளிக்கவில்லை. மடிகணினிக்குப் பின்னால் நிற்கிறவனின் சாதியை எவரும் கேட்பதில்லை. அவனை 'அண்ணன்' என்கிறார்கள், முற்பணம் கொடுக்கிறார்கள், குளிர்பானம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

ஆனாலும் தப்பை விட்டுவிட மனம் வரவில்லை என்பதால், மாப்பிள்ளை அழைப்புக்குத் தப்புச் செட்டொன்றையும் கூப்பிடுகிறார்கள். பண்டாரவளைக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்தில் நான் கண்டது இது. நான்கு பேர் கொண்ட தப்புக் குழு, லயனுக்கு ஏறும் வளைவில் காத்திருந்தது. மார்கழி கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன, பனி. ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும் என்பதால், காய்ந்த சருகையும் பழைய பத்திரிகைத் தாள்களையும் கொளுத்தித் தப்பை வாட்டிக்கொண்டிருந்தார்கள். (எங்கள் தலையங்கங்களுக்கு அப்படியும் ஒரு பயன்.) மாப்பிள்ளையின் வாகனம் வந்ததும் அடி தொடங்கியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேலே பந்தலிலிருந்து டீஜேயின் பெட்டிகள் திறந்துகொண்டன. அவர்கள் அடிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. மூத்தவர் இரண்டு தடவை தோலை மீண்டும் வாட்டினார். அப்புறம் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். பந்தலில் இருந்த எவருக்கும் அது தெரியாது.

இதற்கு மாறான ஒன்றைப் பசறைப் பக்கத்தில் பார்த்தேன். டீஜே ஒரு சிங்கள இளைஞர். பதுளை மாவட்டத்தில் இது புதுமையல்ல. பைலாவும் குத்துப் பாட்டும் தமிழ், சிங்களக் கல்யாணங்கள் இரண்டிலும் ஓடுகின்றன. தப்புக்காரர்கள் வந்ததைக் கண்டதும் அவர் பாட்டை மெல்லத் தணித்து நிறுத்தினார். இறங்கி வந்து, குழுவின் மூத்தவரிடம் தனக்குத் தெரிந்த தமிழில், "ஐயா, எவ்வளவு நேரம் அடிப்பீங்க?" என்று கேட்டார். "நீ நிப்பாட்டு தம்பி, முடிஞ்சதும் நானே சொல்றேன்" என்றார் அவர். டீஜே தன் ஒலிவாங்கிகளில் ஒன்றைத் தாங்கியோடு கொண்டுவந்து தப்புக்கு முன்னால் வைத்தார். கால் மணி நேரம் அடித்தார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த பெண் வீட்டு இளசுகள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினார்கள். தப்பு ஓய்ந்த அதே கணத்தில், அந்த அடியின் வேகத்துக்கு ஒத்த பாட்டொன்றை அந்த இளைஞர் எடுத்துவிட்டார். ஆடிக்கொண்டிருந்த கால் நிற்கவில்லை. கூல் ஹேர்க்கின் பெயரை அவர் கேள்விப்பட்டிருப்பாரோ என்னவோ.

டீஜேயும் தோலும் ஒரே பந்தலில் வாழ முடியாது என்கிறவர்கள் டிரினிடாட்டைப் பார்க்கலாம். எங்களைப் போலவே தோட்டக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களின் கல்யாணங்களில் டீஜே உண்டு. கூடவே 'தாசா' என்ற பறை வகையும் உண்டு. அதையும் நெருப்பில் வாட்டித்தான் முறுக்கேற்றுகிறார்கள். தாசாக் குழு இல்லாத இந்துக் கல்யாணம் அங்கே அரிது. குழுக்களுக்கிடையே போட்டிகள் நடக்கின்றன. கூலியைப் பேசிப் பெறுகிறார்கள். முதல்நாள் இரவில் பெண்கள் தமக்குள் பாடிய கேலிப் பாட்டுகளே அங்கு 'சட்னி' என்ற இசையாக வளர்ந்து, மேடைக்கும் டீஜேயின் பெட்டிக்கும் வந்து சேர்ந்தன. எங்கள் நலங்குப் பாட்டுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

"சாவுக்கு அடிக்கிற தப்பைக் கல்யாணத்துக்கு அடிப்பதா?" என்று என்னிடம் கோபமாகக் கேட்டவர்கள் உண்டு. சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் ஒரே வெற்றிலையைத்தான் வைக்கிறோம். மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு 2025-இல் பத்மசிறீ விருது வழங்கியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையைக் கையில் எடுத்தார்கள். மலையகத் தமிழரின் இருநூறாண்டு வரலாறு நினைவுகூரப்பட்ட 2023-இல் எங்கள் மேடைகளிலும் தப்பு முழங்கியது, தலைவர்கள் கைதட்டினார்கள். மேடைக்கு உகந்தது மணப்பந்தலுக்கு ஆகாது என்றால், அந்தக் கைதட்டலை நான் நம்பவில்லை.

பணத்துக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதை ஊக்கத்தொகையுடன் 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது. இந்தச் சம்பளத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மாத உழைப்பை ஒரே இரவில் விழுங்கிவிடும் டீஜேக்கள் இருக்கிறார்கள். கடன் பட்டுக் கல்யாணம் செய்கிறவர்கள் அந்தக் கடனையும் சேர்த்தே சுமக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிற வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. டீஜேயின் தொகையைக் கேட்டதும், பெட்டிகளில் பாதியைக் குறைக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன கணக்கின்படி மூன்று டெசிபல்தான் குறையும். கல்யாணத்துக்கு வந்தவர்களில் ஒருவரும் அதைக் கண்டுபிடிக்க மாட்டார். மிஞ்சுகிற பணத்தைத் தப்புக் குழுவுக்குப் பேசிக் கொடுங்கள். காசாகவே கொடுங்கள், போத்தலாக வேண்டாம். டீஜேக்கு முற்பணம் கொடுக்கும் அன்றைக்கே அவர்களுக்கும் முற்பணம் போக வேண்டும். அவர்கள் டீஜேயோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதையும் வீட்டாரிடம் சொல்லி வையுங்கள், சொல்லாவிட்டால் நடக்காது. டீஜேயிடம் பேசும்போது, தப்புக்கென ஒலிவாங்கி ஒன்றும், மாப்பிள்ளை அழைப்பில் கால் மணி நேரமும் ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். "அது எதற்கு, என்னிடம் தப்பு மியூசிக் பெண்டிரைவில் இருக்கிறதே" என்று அவர் சொன்னால், அடுத்த இலக்கத்துக்கு அழையுங்கள்.